தேம்ஸ் ஆற்றின் நடுவே ஐம்பது வீடுகள்: வாசகர் கேள்வி பதில்

மேற்கு லண்டனில் ட்விக்கன்ஹாமை ஒட்டி, தேம்ஸ் ஆற்றின் நடுவில் இருக்கிறது ஈல் பை தீவு. சுமார் ஐம்பது வீடுகள், படகுப் பட்டறைகள், ஓவியர்களும் சிற்பிகளும் வேலை செய்யும் கூடங்கள், அவ்வளவுதான். கார் போக வழி கிடையாது. இதுபோன்ற குடியிருப்புத் தீவுகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிறதே, மண் கரைந்துவிடாதா?

கரையும். தேம்ஸில் இத்தகைய திட்டுகளை ‘எய்ட்’ என்பார்கள். பெரும்பாலும் ஆறு கொண்டுவந்து சேர்த்த சரளையும் வண்டலும்தான். தண்ணீர் முதலில் மோதும் மேல்முனை அரிபடும், கீழ்முனையில் வண்டல் சேரும். அப்படியே விட்டால் திட்டு மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகரும். வீடு கட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், கரையோரம் மரக்கட்டைகளையோ இரும்புத் தகடுகளையோ படுகைக்குள் ஆழமாக அறைந்து சுவராக்குகிறார்கள்.

வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது அந்தச் சுவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. வெளியே நிற்கும் தண்ணீரே அதை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் மளமளவென்று வடியும்போதுதான் சுவர் சரிகிறது. ஆற்றில் மட்டம் ஒரு மீட்டர் இறங்கிவிட்ட பிறகும் சுவருக்குப் பின்னால் மண் ஊறிப்போயே இருக்கும். அந்த ஒரு மீட்டர் வித்தியாசம், ஆற்று மட்டத்துக்குக் கீழே உள்ள சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு டன் எடைக்குச் சமமாக வெளிப்புறம் தள்ளும். மண்ணின் பாரம் இதற்கு மேல் தனி.

இதற்காகத்தான் சுவரில் வடிதுளைகள் விடுகிறார்கள். துளைக்குப் பின்னால் சரளையும் வடிதுணியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரோடு மண்ணும் வெளியேறி, மேலே தரை குழிந்துவிடும். துளையில் ஒழுக்கு தெரிகிறதே என்று சிமென்ட் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய தவறு கிடையாது. சுவரைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பிகள் துருப்பிடிப்பதும், அடிவாரத்துப் படுகை அரிக்கப்பட்டு ஆழமாவதும் அடுத்த இரண்டு நோய்கள்.

அறிகுறி புல்தரையில் தெரியும்: கரைக்கு இணையாக, விரல் நுழையும் அளவுக்கு ஒரு நீண்ட வெடிப்பு. அதைக் கண்டதும் சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அடியில் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். இடைவெளி கூடியிருந்தால் சுவர் நகர்கிறது, உடனே பொறியாளரை அழைக்க வேண்டும்.

கேள்வி: கடல் ஏற்றமும் வற்றமும் அவ்வளவு தூரம் உள்ளே வருமா?

வரும். கடல் ஏற்றம் டெடிங்டன் மதகு வரை வந்து நிற்கும். ஈல் பை தீவு அதற்குக் கீழே இருப்பதால் ஏற்றத்துக்கு உட்பட்டது. 1830களின் தொடக்கத்தில் பழைய லண்டன் பாலத்தை இடித்தார்கள். அதன் நெருக்கமான தூண்கள் அதுவரை தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருந்தன. அவை போனதும் வற்றக் காலத்தில் ட்விக்கன்ஹாம் பக்கம் சேறும் நடுவே ஒரு வாய்க்காலும்தான் மிஞ்சின. இதைச் சரிசெய்ய 1894இல், தீவுக்குக் கீழ்ப்புறம் உள்ள ரிச்மண்டில் ஓர் அரை ஓத மதகு (பாதி ஏற்ற மட்டத்துக்குக் கீழே நீர் இறங்காமல் காக்கும் மதகு) கட்டினார்கள். உச்ச ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய இரண்டிரண்டு மணி நேரம் அதன் கதவுகள் மேலே தூக்கியிருக்கும். மற்ற நேரங்களில் அவை இறங்கி, டெடிங்டன் வரை குறைந்தது 1.72 மீட்டர் நீர்மட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

இலையுதிர் காலத்தில் பராமரிப்புக்காகச் சுமார் மூன்று வாரம் கதவுகளைத் தூக்கியே வைப்பார்கள். அப்போது வற்றத்தில் ஆறு அடிமட்டம்வரை இறங்கும். கரைச்சுவரின் அடிவாரத்தையும் படகுத்துறையின் தூண்களையும் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல சமயம் இல்லை. கரையில் நின்றே பாருங்கள். படுகைச் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும், ஏற்றமோ காத்திருக்காது.

கேள்வி: படகுவீட்டைக் கரையோரம் எப்படிக் கட்டி நிறுத்துகிறார்கள்?

கயிற்றைக் குறுக்கிக் கட்டினால் வற்றத்தில் படகு கயிற்றிலேயே தொங்கும். ஒருபக்கம் சாயும், கட்டுமுளை பிய்ந்துவிடும். கயிறு மட்டுமே பிடிமானம் என்றால், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு நீளம் வேண்டும். அதையும் முன்னும் பின்னும் தள்ளிச் சாய்வாகக் கட்ட வேண்டும். நிரந்தரமாக நிற்கும் படகுவீட்டுக்கு, ஆற்றுக்குள் அறைந்த தூணில் வழுக்கி ஏறி இறங்கும் வளையமே சிறந்தது. வளையத்தில் மரக்குச்சி சிக்கினாலும் படகு தொங்கிவிடும், அதனால் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். தூணின் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. பெருவெள்ளத்தில் வளையம் தூணின் தலையைத் தாண்டிவிட்டால் படகுவீடு ஆற்றோடு போய்விடும்.

கேள்வி: கீழே தேம்ஸ் தடுப்பு இருக்கிறதே, பிறகு ஏன் வெள்ள பயம்?

1984இல் முறைப்படி திறக்கப்பட்ட தேம்ஸ் தடுப்பு, கடலிலிருந்து வரும் வெள்ளத்துக்கு எதிரான கதவு. மழை வெள்ளம் மேலிருந்து வருகிறது. ஆனாலும் தடுப்பு அதற்கும் உதவுகிறது. வற்றம் முடியும் தறுவாயில் கதவை மூடினால் கடல் ஏற்றம் உள்ளே வராது. அந்த வெற்றிடத்தை ஆற்று வெள்ளம் நிரப்பிக்கொள்ளும். ரிச்மண்ட், ட்விக்கன்ஹாம் பகுதிகளில் மட்டம் அந்த அளவுக்குக் குறையும். 2013–14 குளிர்காலத்தில் தடுப்பு 50 முறை மூடப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை மழை வெள்ளத்துக்காகவே. டெடிங்டனுக்கு மேலே உள்ள தீவுகளுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டாது.

கேள்வி: வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்துவிடலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். 4,000 லிட்டர் தொட்டி காலியாக இருக்கும்போது நிலத்தடி நீர் உயர்ந்து அதைச் சூழ்ந்தால், ஏறக்குறைய நான்கு டன் விசையோடு அதை மேலே தூக்கும். லேசான பிளாஸ்டிக் தொட்டி, மேலே உள்ள மண்ணையும் பிளந்துகொண்டு மிதந்து வந்துவிடும். குழாய்களும் முறியும். காலி செய்வதென்றால் மட்டம் தாழ்ந்திருக்கும் வறண்ட காலத்தில் செய்யுங்கள். தொட்டியைப் புதைக்கும்போதே கான்கிரீட் பலகையோடு பட்டை போட்டுக் கட்டிவிட வேண்டும். வீட்டிலிருந்து போகும் குழாயில் ஒருவழி வால்வு அவசியம், இல்லாவிட்டால் வெள்ளம் கழிப்பறை வழியாக வீட்டுக்குள் வரும். வால்வின் மடிப்பில் துணியோ முடியோ சிக்கினால் அது மூடாது. மழைக்காலத்துக்கு முன் திறந்து கழுவி, கையால் ஆட்டிப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஈல் பை ஓட்டலை இன்றும் பார்க்க முடியுமா?

முடியாது. 1950களில் ஜாஸ், அடுத்து ரோலிங் ஸ்டோன்ஸ் போன்ற குழுக்கள் என்று பேர்போன அந்த ஓட்டல் 1967இல் மூடப்பட்டது, 1971இல் தீயில் அழிந்தது. கலைஞர்களின் கூடங்களை மட்டும் ஆண்டில் சில வார இறுதிகளில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். மற்ற நாட்களில் தீவின் நடைபாதையைத் தாண்டினால் தனியார் இடம்.

கேள்வி: பாலம் இல்லாத தீவுக்குச் சாமான் எப்படிப் போகும்?

ஈல் பைக்கே 1957இல்தான் நடைபாலம் வந்தது. இன்றும் வீட்டுச் சாமான் தள்ளுவண்டியில்தான் போகும், கனமானவை படகில். டெடிங்டன் மதகுக்கு மேலே இருக்கும் ட்ரோலாக் தீவுக்குப் பாலமே இல்லை. கையால் சக்கரம் சுற்றிச் சங்கிலியில் இழுக்கும் ஒரு தட்டைப் படகில்தான் குடியிருப்போர் கடக்கிறார்கள். இத்தகைய படகில் கனமான பொருளை ஏற்றும்போது அதை நடுவில் வைத்து, ஆட்கள் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். எல்லோரும் இறங்கும் பக்கமே குவிந்தால் அந்த விளிம்பு தண்ணீருக்குள் அமுங்கும், குளிர்பதனப் பெட்டி சறுக்கி ஆற்றில் விழும்.