முதலில் தெரிவது மருந்துக்கடைக்குத்தான்

ஐயா, வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் பல வருஷமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கிருமியைப் பரப்பப் போகிறார்கள், வைகைத் தண்ணீரில் கலக்கப் போகிறார்கள் என்று எங்கள் வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. அனுப்பியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்படியெல்லாம் நிஜமாக நடந்திருக்கிறதா? நடந்தால் மதுரை தாங்குமா? ஆன்டிபயாடிக் மாத்திரையை இப்போதே பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கச் சொல்கிறான் என் மச்சினன். மாத்திரை விற்கிற ஆள் நான், வேறென்ன செய்ய முடியும்?

மு., உசிலம்பட்டி வட்டாரம்

அன்புள்ள மு. அவர்களுக்கு,

ஊர், பேர், தேதி எதுவும் இல்லாத செய்தி அது. உங்கள் கையோடு நிற்கட்டும், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. நடந்திருக்கிறது.

நம் நாட்டிலேயே, 1933 நவம்பரில், ஹௌரா ரயில் நிலையக் கூட்டத்தில் ஒருவன் இன்றைய ஜார்க்கண்டிலுள்ள பாகுர் ஜமீன் குடும்பத்து இளைஞர் அமரேந்திர சந்திர பாண்டேயை உரசிக்கொண்டு போனான். கையில் சுருக்கென்று ஏதோ குத்தியது. எட்டு நாளில் அந்த இளைஞர் இறந்துபோனார். ரத்தத்தைச் சோதித்ததில் பிளேக் கிருமி இருந்தது. சொத்துக்காக அண்ணன் முறையுள்ளவனே ஒரு மருத்துவரோடு சேர்ந்து, பம்பாயிலிருந்து கிருமியை வரவழைத்துச் செய்த கொலை என்று நீதிமன்றத்தில் நிரூபணமானது.

ஒரு ஊரையே குறிவைத்தது அமெரிக்காவில், 1984-ல். ஆரிகன் மாநிலத்தில் தி டாலஸ் என்ற சிற்றூர். ஓஷோ எனப்படும் ரஜ்னீஷின் ஆசிரமத்துப் பொறுப்பாளர்கள் சிலர், உள்ளூர்த் தேர்தலில் எதிர்த்து ஓட்டுப் போடுபவர்களைப் படுக்க வைக்கத் திட்டமிட்டு, உணவகங்களின் சாலட்டில் சால்மொனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேருக்கு வயிற்றுப்போக்கு. நல்லவேளை, யாரும் சாகவில்லை. விசாரித்த சுகாதாரத் துறை, சமையல்காரர்கள் கை கழுவாததுதான் காரணம் என்று முடிவுகட்டியது. ஆசிரமத்துக்குள் சண்டை வந்து, ரஜ்னீஷே தன் ஆட்கள்மேல் குற்றம் சொன்ன பிறகுதான், அதாவது ஒரு வருஷம் கழித்துத்தான், விஷயம் வெளியே வந்தது.

இந்த ஒரு வருஷத்தைக் கவனியுங்கள். சதி என்று யாருக்கும் தெரியாமலேயே நோயாளிகளைக் கண்டுபிடித்தார்கள், மலத்தைச் சோதித்துக் கிருமியை அடையாளம் கண்டார்கள், சாலட் மேசைகளை மூட வைத்தார்கள். செய்தவன் யார் என்பது போலீசின் கவலை. முதல் நாள் செய்ய வேண்டிய வேலை, கிருமி தானாக வந்தாலும் எவனாவது கொண்டுவந்தாலும், ஒன்றேதான். அதனால் "சதியா இல்லையா" என்று வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்வதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

2001-ல் அமெரிக்காவில் கடித உறைக்குள் ஆந்த்ராக்ஸ் தூள் வந்தது. நம் பக்கம் ஆடு மாடுகளுக்கு வருகிற அடைப்பான் நோயின் கிருமிதான். 22 பேருக்கு நோய், 5 பேர் இறந்தார்கள். புளோரிடாவில் முதல் நோயாளியின் தண்டுவட நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர் லாரி புஷ், இது வழக்கமான மூளைக்காய்ச்சல் இல்லை என்று சந்தேகப்பட்டு, மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு உடனே போன் போட்டார். தப்பாகிவிட்டால் என்ன சொல்வார்களோ என்று அவர் தயங்கியிருந்தால் எத்தனை நாள் வீணாகியிருக்கும்!

1979-ல் சோவியத் ஊரான ஸ்வெர்த்லோவ்ஸ்கில் இதற்கு நேர்மாறு. ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் காற்றில் கசிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கெட்ட இறைச்சி தின்றார்கள் என்று அரசு சாதித்தது. பின்னாளில் ஆய்வாளர்கள் போய், இறந்தவர்கள் அன்று பகலில் இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, அந்தக் கூடத்திலிருந்து காற்று வீசிய திசையில் ஒரே பட்டையாக விழுந்தன. அதே பட்டையில், தொலைவிலுள்ள கிராமங்களில் ஆடுகளும் செத்திருந்தன.

மதுரைக்கு வருகிறேன். 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. திருவிழா நேரத்தில் சுகாதார ஆய்வாளர் சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். மஞ்சள் ஏறினால் குளோரின் இருக்கிறது. ஏறாவிட்டால் தொட்டிக்கு மறுபடி குளோரின் போட வேண்டும். காலராக் கிருமி சாக்கடையிலிருந்து வந்திருந்தாலும் ஒரு பாவி கலந்திருந்தாலும் அந்தக் குளோரின் அதைக் கொல்லும். திருவிழாவில் நமக்குப் பெரிய பாதுகாப்பு அந்த மனிதரின் கையிலிருக்கும் சின்னக் குழாய்தான். அந்தப் பணியிடம் காலியாகக் கிடந்தால் ஊரே சத்தம் போட வேண்டும்.

குறை எங்கே என்றால், தகவல் போய்ச் சேர்வதில். 2004-ல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது. கிராமச் செவிலியர், மருத்துவர், பரிசோதனைக் கூடம் என மூன்று இடத்திலிருந்தும் தகவல் போகும். ஆனால் வயிறு சரியில்லை என்றால் நம் ஜனங்கள் முதலில் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில். "வயித்தால போகுது, ரெண்டு மாத்திரை குடுங்க" என்பார்கள். நீங்களும் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பீர்கள். காசநோய் மருந்து விற்றால் தெரிவிக்க வேண்டும் என்று 2018-ல் உத்தரவு வந்தது. மற்ற நோய்களுக்கு உங்கள் கடைப் பக்கம் வந்து கேட்க ஆளில்லை. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

1981-ல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தில், அரிதான மருந்துகளை அனுப்பிவைக்கும் வேலையில் சாண்ட்ரா ஃபோர்ட் என்றொரு பெண் இருந்தார். அரிதான ஒருவகை நிமோனியாவுக்குக் கொடுக்கும் பென்டமிடின் என்ற மருந்தைத் திடீரென்று அதிகமாகக் கேட்கிறார்களே, ஏன் என்று மேலதிகாரிக்கு எழுதினார். எய்ட்ஸ் உலகத்துக்குத் தெரியவந்ததில் அந்தக் குறிப்புக்குப் பங்குண்டு. அவரும் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தவர்தான்.

ஆகவே பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு போடுங்கள். ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் நாலைந்து பேர் ஒரே தொல்லைக்கு மருந்து கேட்டால் தேதியும் தெருவும் குறித்துக்கொண்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். ஆடு திடீரென்று செத்து, மூக்கிலும் வாயிலும் ரத்தம் உறையாமல் வடிந்தது என்று யாராவது சொன்னால், தோலை உரிக்காதே, கறி போடாதே என்று தடுத்துக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

மச்சினர் பேச்சைக் கேட்காதீர்கள். 1994-ல் சூரத்தில் பிளேக் என்றதும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கி, தேவைப்பட்டவனுக்குக் கிடைக்காமல் செய்தார்கள். எந்தக் கிருமி வரும் என்று தெரியாமல் எந்த மாத்திரையை அடுக்குவீர்கள்? அந்தக் காசுக்கு ஓ.ஆர்.எஸ். உப்புப் பொட்டலம் கூடுதலாக வாங்கி வையுங்கள். கோடைக்கு எப்படியும் செலவாகிவிடும்.