ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு ஹெடர்கள்

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலைக்கான சி++ லைப்ரரி இது. கொழுந்து எடை போடும் மூன்று நிலையங்களின் புரோகிராம்கள் இதைக் கூப்பிடுகின்றன. 'ஸ்லிப்' (எடைச் சீட்டு) கிளாஸில் 'குரோயர்' (கொழுந்து தரும் விவசாயி) பாயின்டர், அதாவது அவர் விவரம் இருக்கும் இடத்தின் முகவரி, உண்டு. ஸ்லிப்.ஹெச் என்ற ஹெடர் ஃபைல் குரோயர்.ஹெச்சை இன்க்ளூட் செய்கிறது, அதாவது தனக்குள் இழுத்துக்கொள்கிறது. இப்போது குரோயருக்குள் கடைசி ஸ்லிப்பை மெம்பராகச் சேர்த்து, அங்கே ஸ்லிப்.ஹெச்சை இன்க்ளூட் செய்ததும் 'குரோயர் டஸ் நாட் நேம் எ டைப்' (குரோயர் என்றொரு வகையே தெரியாது) என்று பில்ட் நின்றுவிட்டது. நிலையங்களின் கோடில் கை வைக்காமல் சரிசெய்ய வழி உண்டா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: உண்டு. இன்க்ளூட் வரிசையை மாற்றிப் பார்த்திருப்பீர்கள். பிழை அடுத்த ஃபைலுக்குத் தாவியிருக்கும், அவ்வளவுதான். கம்பைலர் குரோயர்.ஹெச்சைத் திறந்த கையோடு ஸ்லிப்.ஹெச்சுக்குப் போகிறது. அங்கிருந்து மறுபடி குரோயர்.ஹெச்சுக்கு வந்தால், 'ஏற்கெனவே வந்தாயிற்று' என்று இன்க்ளூட் கார்டு (ஒரே ஹெடர் இருமுறை படிக்கப்படாமல் தடுக்கும் காவல் வரிகள்) வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடும். குரோயர் யாரென்று தெரியாமலே ஸ்லிப்பைப் படிக்க வேண்டிய நிலை.

பாயின்டருக்குப் பெயர் தெரிந்தால் போதும். ஸ்லிப்.ஹெச்சின் மேலே உள்ள இன்க்ளூடை எடுத்துவிட்டு 'கிளாஸ் குரோயர்;' என்று ஒரு வரி போடுங்கள். கிளாஸ்கள் நேம்ஸ்பேஸுக்குள் (பெயர்களைத் தொகுக்கும் உறைக்குள்) இருந்தால் இந்த வரியும் அதற்குள்ளேயே வரவேண்டும். வெளியே போட்டால் அதே பெயரில் வேறொரு கிளாஸ் முளைக்கும். குரோயரைத் தொடும் ஃபங்ஷன்களின் உடலை ஸ்லிப்.சிபிபிக்கு நகர்த்துங்கள். அந்த ஃபைலை பில்டில் சேர்க்க மறந்தால் கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்க்கர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று கத்தும்.

பில்ட் ஓடிவிட்டதே என்று பலர் இதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் ஸ்லிப்.ஹெச்சை மட்டும் இன்க்ளூட் செய்து, அதன் தயவிலேயே குரோயரையும் பயன்படுத்தும் நிலையத்து கோட் இப்போது உடையும். எடுத்த இன்க்ளூடை ஸ்லிப்.ஹெச்சின் அடியில், கிளாஸும் நேம்ஸ்பேஸும் மூடிய பிறகு, கார்டை முடிக்கும் எண்டிஃப் வரிக்கு முன் வையுங்கள். எந்த ஹெடர் முதலில் வந்தாலும் ஓடும். பார்க்க அசிங்கம்தான். காரணத்தை கமென்டாக எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் மேலே ஏற்றிவிடுவார்.

புது மெம்பரால் குரோயரின் அளவும் மாறிவிட்டது. அதனால் கோட் மாறாவிட்டாலும் மூன்று புரோகிராம்களையும் ரீகம்பைல் செய்தே ஆகவேண்டும். லைப்ரரி ஃபைலை மட்டும் மாற்றிவைத்தால், பழைய புரோகிராம் பழைய அளவுக்கு மெமரி ஒதுக்கும், லைப்ரரி அதைத் தாண்டி எழுதும். எரர் வராமலே எடை தப்பாகக் காட்டலாம். அந்த மெம்பரை யூனிக் பாயின்டராக (ஒரே உரிமையாளர் மட்டுமே உள்ள, காப்பி எடுக்க முடியாத பாயின்டராக) வைத்தாலும் அளவு மாறும். கூடவே குரோயரை காப்பி எடுக்கும் கோடும் நின்றுபோகும்.

என்னைக் கேட்டால் அந்த மெம்பரே வேண்டாம். ஸ்லிப்.ஹெச்சில் குரோயர் எண்ணை வாங்கிக் கடைசி ஸ்லிப்பைத் தரும் தனி ஃபங்ஷன் ஒன்று. விவரங்கள் சிபிபிக்குள் ஒரு மேப்பில் (எண்ணைக் கொடுத்தால் ஸ்லிப்பைத் தரும் அட்டவணையில்). குரோயர்.ஹெச் பழையபடியே இருக்கும், ஸ்லிப்.ஹெச்சின் இன்க்ளூடையும் இடம் மாற்ற வேண்டியதில்லை.