இகாரஸ் ஏன் கீழ பாக்கறான்?

வணக்கம் சார். போன மாசம் கார்டிஃப் மியூசியம் போயிருந்தேன், அங்க ஆல்ஃபிரட் கில்பர்ட்னு ஒரு இங்கிலாந்து சிற்பி செஞ்ச இகாரஸ் சிலைய பாத்தேன், கிரேக்க கதையில மெழுகால ஒட்டின றெக்கையோட சூரியன் கிட்ட பறந்து, மெழுகு உருகி விழுந்து செத்த பையன். றெக்கை எல்லாம் கட்டியாச்சு, ஆனா பறக்கப்போற பையன் மாதிரி தெரியல, தலைய குனிஞ்சு நிக்கறான். லண்டன் பிக்காடில்லியில நிக்கற ஈராஸ் (கிரேக்க காதல் தெய்வம்) வெண்கலச் சிலையும் இவரோடதுதானாமே? அவ்ளோ பேர் வாங்கினவர் எப்படி திவாலானார்? (என் பேர் வேண்டாம்.)

வணக்கம்.

ரெண்டு கேள்விக்கும் பதில் ஒண்ணுதான்னு எனக்கு தோணுது. இகாரஸுக்கு முன்னாடி 1882ல கில்பர்ட் பெர்சியஸ்னு ஒரு கிரேக்க கதை வீரனோட சிலைய செஞ்சார், அதுல அவன் கத்திய கையில வச்சுட்டு திரும்பி தன் குதிகால பாக்கறான், புதுசா மாட்டின றெக்கை வச்ச செருப்பு சரியா நிக்குதான்னு. அரக்கிய வெட்டப்போறவன் செருப்பு பாத்துட்டு நிக்கறான்! அத பாத்துட்டுதான் ராயல் அகாடமிங்கற லண்டன் கலைக்கழகத்துக்கு தலைவரா இருந்த லெய்ட்டன் 100 பவுண்டு குடுத்து, என்ன வேணா செய்யின்னுட்டார். வந்தது இகாரஸ், 1884. இவனும் குதிக்கல, எவ்ளோ ஆழம்னு பாக்கறான். செய்யறதுக்கு முந்தின அந்த தயக்கம்தான் கில்பர்ட்டுக்கு பிடிச்ச இடம்.

அப்போ இங்கிலாந்துல மணல் அச்சுல வார்க்கறதுதான் வழக்கம், இவர் இத்தாலியில இருந்தப்போ மெழுகு வார்ப்பு பிடிச்சுக்கிட்டார், அதாவது மெழுகுல உருவம் செஞ்சு, மேல அச்சு பூசி, மெழுக உருக்கி வெளியேத்திட்டு அந்த இடத்துல உலோகத்த ஊத்தறது, நம்ம சுவாமிமலையில செய்யற அதே வித்தைதான், ஆனா அங்க உள்ள கெட்டியா வார்ப்பாங்க, இது உள்ள வெத்து. இகாரஸ நேப்பிள்ஸ்ல வார்த்தாங்க. மெழுகு உருகி செத்தவனோட சிலைய மெழுக உருக்கித்தான் செய்யணும், பாருங்க.

ஆனா மெழுகுல ஒரு ஆபத்து, கடைசி நிமிஷம் வரைக்கும் திருத்தலாம். இவர் திருத்திட்டே இருப்பார், அதே தயக்கம்தான். பிக்காடில்லியில மேல நிக்கற உருவம் வெண்கலம் இல்லைங்க, அலுமினியம், கீழ இருக்கற நீரூற்றுதான் வெண்கலம். அவர் மனசுல இருந்ததும் ஈராஸ் இல்ல, அவன் தம்பி ஆன்டெராஸ். 1893ல திறந்தாங்க, கூலி 3000 பவுண்டு, செலவு 7000, மிச்சம் அவர் தலையில. அதுக்கு முந்தின வருஷமே விக்டோரியா ராணியோட பேரன் கிளாரன்ஸ் கோமகனுக்கு விண்ட்சர் கோட்டையில கல்லறை செய்யவும் ஒத்துக்கிட்டிருந்தார், அது அப்போ முடியவே இல்ல, கடன் கழுத்த நெரிக்கவும் கல்லறைக்குன்னு செஞ்ச உருவங்கள்லயே நகல் எடுத்து வித்துட்டார், அரச குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? எனக்கு அவர் மேல பிரியம்தான், ஆனா இது தப்புதான். 1901ல திவால், பெல்ஜியத்துல புரூஜ் ஊருக்கு ஓட்டம்.

1926லதான் இங்கிலாந்துக்கு திரும்ப வந்தார். கல்லறைய 1928ல முடிச்சு குடுத்தார், எடுத்து 36 வருஷம் கழிச்சு!

அடுத்த தடவ லண்டன் போனா பிக்காடில்லியோட திரும்பிடாதீங்க, கொஞ்ச தூரம் நடந்தா செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை எதிர்ல மார்ல்பரோ ரோடு சுவர்ல அலெக்சாண்ட்ரா ராணி நினைவுச்சின்னம் இருக்கு, வெண்கலம், 1932ல திறந்தப்போ அவருக்கு வயசு 77. பாத்துட்டு எழுதுங்க.