1801-இல் சென்னையை ஆண்ட கிளைவ் பிரபு யார்?

கேள்வி: பாளையக்காரர் போர்க்காலத்தைப் பற்றி ஊர் வரலாறு ஒன்று எழுதுகிறேன். 1801-ஆம் ஆண்டு ஆவணங்களில் சென்னை கவர்னராக ‘கிளைவ் பிரபு’ வருகிறார். ராபர்ட் கிளைவ் 1774-லேயே இறந்துவிட்டாரே, இது பிழையா? பெயர் அடைவில் எப்படிக் குறிப்பது?

பதில்: ஆவணம் சரிதான். அவர் ராபர்ட்டின் மூத்த மகன் எட்வர்ட் கிளைவ். 1798 ஆகஸ்ட் முதல் 1803 ஆகஸ்ட் வரை இங்கே கவர்னர். கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டது, கர்நாடகத்தின் (இன்றைய மாநிலம் அல்ல, ஆற்காடு நவாபின் நாடு) ஆட்சி நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன 1801 ஜூலை ஒப்பந்தம் எல்லாமே இவர் காலத்தில்தான். இன்றைய ராஜாஜி மண்டபமும் இவர் கட்டுவித்தது. ராபர்ட் வங்காளத்துக்குத்தான் கவர்னராக இருந்தார், சென்னைக்கு ஒருபோதும் இல்லை. மகன் செய்ததைத் தந்தையின் கணக்கில் எழுதிவிட்டால் உங்கள் நூலின் காலவரிசையே குலைந்துவிடும்.

குழப்பம் பட்டத்தால் வருகிறது. 1762-இல் ராபர்ட் பெற்ற ‘பிளாசியின் பாரன் கிளைவ்’ அயர்லாந்துப் பட்டம். அதற்காக அங்கே தான் வாங்கிய நிலத்துக்கே பிளாசி என்று பெயர் வைத்தார்! ஆனால் அயர்லாந்துப் பட்டத்தை வைத்துக்கொண்டு லண்டனில் பிரபுக்கள் சபைக்குள் போக முடியாது. அதனால் பிரபு ஆன பிறகும் சாகும்வரை ஷ்ரூஸ்பரி தொகுதியின் உறுப்பினராக மக்கள் சபையிலேயே இருந்தார். எட்வர்டுக்கும் அதே நிலைமைதான். தந்தையின் பட்டம் வந்த பிறகும் லட்லோ தொகுதி உறுப்பினராக இருபது ஆண்டுகள் நீடித்தார். 1794-இல் தனியாக ஒரு பிரிட்டிஷ் பட்டம் கிடைத்த பிறகே மேல்சபைக்குப் போனார்.

அப்புறம் திருமணம். எட்வர்டின் மனைவி ஹென்ரியட்டா, போவிஸ் ஏர்லின் (ஏர்ல் என்பது பாரனைவிட உயர்ந்த பிரபுப் பட்டம்) மகள். ஹென்ரியட்டாவின் அண்ணன் 1801-இல் வாரிசில்லாமல் இறந்ததும் போவிஸ் பட்டம் அற்றுப்போனது. 1804-இல் அதை எட்வர்டுக்காகப் புதிதாக உருவாக்கினார்கள். அன்று முதல் ஆவணங்களில் அவர் ‘போவிஸ் ஏர்ல்’. தந்தையின் துணைப் பட்டத்தை மூத்த மகன் மரியாதைக்காகச் சூடிக்கொள்வது அங்கே வழக்கம். ஆகவே 1804-க்குப் பின் ‘கிளைவ் பிரபு’ என்று வந்தால் அவர் எட்வர்டின் மகன், அதாவது ராபர்ட்டின் பேரன். 1807-இல் குடும்பப்பெயரை ஹெர்பர்ட் என்று மாற்றிக்கொண்டவரும் இவரே. 1839-இல் எட்வர்ட் இறந்ததும் இவர் ஏர்ல் ஆனார்.

எனவே முதலில் ஆவணத்தின் தேதியைப் பாருங்கள். 1762 முதல் 1774 நவம்பர் வரை ராபர்ட், பிறகு 1804 வரை எட்வர்ட், பிறகு 1839 வரை பேரன். அடைவில் பட்டத்தை நம்பாமல் ‘கிளைவ், எட்வர்ட் (1754–1839), சென்னை கவர்னர்’ என்றே போடுங்கள்.

அதே ஆவணங்களில் இன்னொரு இடமும் காலை வாரும். 1799 முடிய ‘மார்னிங்டன் பிரபு’ என்று வரும் கவர்னர் ஜெனரல்தான் பிறகு ‘வெல்லெஸ்லி பிரபு’ ஆகிறார். ‘கர்னல் வெல்லெஸ்லி’ வேறு ஆள், அவருடைய தம்பி ஆர்தர். இவர்களுக்கும் அடைவில் தனித்தனி வரி கொடுங்கள்.