ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடுகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது. கூலன்ட்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இரவெல்லாம் ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் ரிலே (ஃபேனுக்குக் கரன்ட்டை விட்டு நிறுத்தும் மின்சுவிட்ச்) மேல்தான் வர வேண்டும். ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தில் படம் இருக்கும். அதைப் பார்த்து, ஃபேன் ஓடும்போதே அதன் ரிலேயைப் பிடுங்குங்கள். சில வண்டிகளில் குறைந்த வேகத்துக்கு ஒன்று, அதிக வேகத்துக்கு ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டையும் பிடுங்கிப் பாருங்கள்.

ஃபேன் நின்றுவிட்டால், பிடுங்கிய ரிலேயின் 30, 87 என்று எண் போட்ட இரண்டு கால்களிலும் மல்டிமீட்டரை, தொடர்பிருந்தால் ‘பீப்’ அடிக்கும் நிலையில் வையுங்கள். கையில் இருக்கும் ரிலேயில் இவை இரண்டுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. மீட்டர் ‘பீப்’ அடித்தால் உள்ளே பாயின்ட் (கரன்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனை) ஒட்டிக்கொண்டுவிட்டது. ரிலேயை மாற்றத்தான் வேண்டும். பிடுங்கியும் ஃபேன் நிற்கவில்லையென்றால் மோட்டாருக்குப் போகும் ஒயர் எங்கோ உரசி நேரடி கரன்ட் வாங்குகிறது.

புது ரிலே போட்டதோடு வேலை முடிந்துவிடாது. பாயின்ட் சும்மா ஒட்டுவதில்லை. பேரிங் இறுகிப்போன மோட்டார் அளவுக்கு மீறி கரன்ட் இழுக்கும்போதுதான் பெரும்பாலும் ஒட்டுகிறது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஃபேன் இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தாலோ, தண்டு ஆடினாலோ மோட்டாரையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் புது ரிலேயும் அதே வழியில் போகும்.

கேள்வி: எஞ்சினை அணைத்த பின் நான்கைந்து நிமிடம் ஓடிவிட்டு, தானாக நின்றுவிடுகிறது. இது கோளாறா?

பதில்: இல்லை. எஞ்சின் நின்றதும் வாட்டர் பம்ப்பும் நின்றுவிடுவதால் உள்ளே சூடு சற்று ஏறும். அதைத் தணிக்கவே பல வண்டிகளில் இப்படி வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தைத் தாண்டினால் பாருங்கள்.

கேள்வி: காலையில் குளிர்ந்த எஞ்சினில் சாவியைத் திருப்பியதுமே ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது.

பதில்: இது கூலன்ட் சென்சார் வழியாக வரும் தொல்லை. சென்சாரிடமிருந்து சரியான தகவல் வராதபோது, எஞ்சின் கொதித்துவிடக் கூடாது என்று ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஃபேனை ஓடவிடுகிறது. வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டி, பி0118 என்ற கோளாறு கோடும் வந்தால் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டர் தொடவில்லை. புது சென்சார் வாங்கக் கிளம்புமுன் கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். கூலன்ட் கசிந்து பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால், கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தாலே சில நேரம் சரியாகிவிடும்.

கோடு எதுவும் வராமலும் சென்சார் பொய் சொல்லலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரைப் பாருங்கள். வெளியே 28 டிகிரி என்றால் கூலன்ட்டும் அதையொட்டியே காட்ட வேண்டும். 70, 80 காட்டினால் சென்சார் போய்விட்டது. மல்டிமீட்டரில் சென்சாரின் மின்தடையையும் அளக்கலாம்; பல வண்டிகளில் அது 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்கும். கனெக்டரைக் கழற்றி மட்டும் முடிவு கட்டாதீர்கள். நல்ல சென்சாரைக் கழற்றினாலும் ஃபேன் ஓடத்தான் செய்யும்.

கேள்வி: கூலன்ட் மாற்றியதிலிருந்து ஃபேன் ஓயவே இல்லை. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளும் மேலே ஏறுகிறது.

பதில்: உள்ளே காற்று அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் முழுதும் ஆறிய பிறகே மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்ட் நிரப்பி, ஐடிலில் ஓடவிடுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை அளவு குறையக் குறைய ஊற்றுங்கள். காற்றை வெளியேற்றும் ஏர் ப்ளீட் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் வந்ததும் இறுக்குங்கள். அதன் பிறகும் ரேடியேட்டரின் ஒரு ஹோஸ் கொதித்து, இன்னொன்று ஆறிக் கிடந்தால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. சரிசெய்யும்வரை முள் ஏறிய வண்டியை ஓட்டாதீர்கள்.

கேள்வி: டேஷ்போர்டில் சுவிட்ச் வைத்து ஃபேனை ‘டைரக்ட்’ ஆக்கித் தருகிறேன் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருநாள் நெரிசலில் சுவிட்சைப் போட மறந்தால் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்பு) போகும். 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட சர்க்யூட்டை ரிலே இல்லாமல் மெல்லிய ஒயரில் இழுத்தால் ஒயர் உருகித் தீப்பிடிக்கும். தேவையில்லாமல் ஓடுவதால் மோட்டார் பிரஷ்ஷும் சீக்கிரம் தேயும்.

கேள்வி: ஏசி போட்டால் ஃபேன் ஓடுகிறது.

பதில்: ஓடத்தான் வேண்டும், ரேடியேட்டர் முன்னால் இருக்கும் ஏசியின் கன்டென்சரைக் குளிர்விப்பதும் அதே காற்றுதான். ஏசியை அணைத்தும், எஞ்சின் ஆறியிருந்தும் நிற்காவிட்டால் ஏசி பிரஷர் சென்சாரையும் அதன் கனெக்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.