டெக்சாஸில் ஹிஸ்பானிக் மக்கள் 40%, ஆனால் வாக்காளர்களில் ஏன் அவ்வளவு இல்லை?

நீங்கள் கேட்பது நியாயமான குழப்பம்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹிஸ்பானிக் மக்களும் (மெக்சிகோ மாதிரி ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் வேர் உள்ளவர்கள்) ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரும் கிட்டத்தட்ட சமம், தலா 40 சதவீதத்தை ஒட்டி. ஆனால் ஓட்டுப் போடத் தகுதி உள்ளவர்களை மட்டும் எண்ணினால் ஹிஸ்பானிக் பங்கு சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும், வெள்ளையர் பாதியைத் தாண்டிவிடுவார்கள். ஆள் எங்கே போனார்கள்?

முதல் காரணம் வயது. டெக்சாஸில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஹிஸ்பானிக், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தலைக்கணக்கில் வருவார்கள், ஓட்டுக்கணக்கில் வரமாட்டார்கள். அப்புறம் குடியுரிமை. கிரீன் கார்டு வைத்து இருபது வருடமாக வரி கட்டினாலும் ஓட்டு கிடையாது. ஹூஸ்டன், டாலஸ் பக்கம் இருக்கும் நம்ம ஐடி ஆட்களுக்கும் இதே கதைதான், அதனால் ஆசியர் பங்கும் குறைகிறது.

இன்னொரு வேடிக்கை, டெக்சாஸ் வாக்காளர் பதிவுப் படிவத்தில் இனம் என்ற கட்டமே இல்லை. கார்சியா, மார்டினெஸ் மாதிரி ஸ்பானியக் குடும்பப் பெயரை வைத்துத்தான் மாநில அரசே எண்ணிக்கை போடுகிறது! கல்யாணத்தில் பெயர் மாறியவர்கள் தப்பான பக்கம் விழலாம், சரி, அது தனிக் கூத்து.