நெஞ்சில் கம்பி இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. மூன்று வயதில் உதடு நீலமாகிறது என்று இருதய ஆப்பரேஷன் செய்தார்கள். பழைய தாளில் 'டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ' என்று இருக்கிறது. இப்போது நன்றாக இருக்கிறாள்; அடுத்த ஆண்டு கல்யாணம். தோட்டத்துக்கு வந்த ஏஜென்ட் இருதய சிடி ஸ்கேன் பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார். நெஞ்சில் கம்பி இருப்பதால் எம்ஆர்ஐ கூடாதாம். உண்மையா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அம்மா, அவரிடம் ஒரு காசும் கட்டாதீர்கள். இப்படித் தோட்டம் தோட்டமாக விற்கும் பேக்கேஜ், இருதய இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பது. இனிப்புநீரும் கொழுப்பும் உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு அது உதவலாம். உங்கள் மகளின் பிரச்சினை வேறு இடத்தில்.

டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ என்பது பிறவியிலேயே வரும் இருதயக் கோளாறு. அன்று இருதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்குப் போகும் குறுகலான வழியை விரித்திருப்பார்கள். விரித்த இடத்தில் உள்ள வால்வு பலருக்குச் சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் இரத்தம் வலது கீழறைக்கே திரும்பும். அறை ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெரிதாகும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது. மூச்சு வாங்கிய பிறகு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வலிக்கிறது.

எக்கோ (ஒலி அலையால் இருதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அறை நெஞ்செலும்புக்குப் பின்னால், கோணலான வடிவத்தில் இருப்பதால் எக்கோவுக்கு அளவு பிடிபடாது. எத்தனை மில்லி கொள்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்பதை எம்ஆர்ஐதான் அளந்து சொல்லும். அறையின் கொள்ளளவு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 160 மில்லியை நெருங்கினால் புது வால்வு பற்றிப் பேசத் தொடங்குவோம். கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய பாதி கூடும். அதனால் இந்த அளவு பிள்ளை உண்டாகும் முன்பே கையில் இருக்க வேண்டும்.

நெஞ்செலும்பைக் கட்டிய கம்பி தடையே இல்லை. படத்தில் அங்கே கறுப்பாக நிழல் விழும், அவ்வளவுதான்.

பேஸ்மேக்கர் (இருதயத் துடிப்பைச் சீராக்கும் சிறு மின்கருவி) இருந்தால் மட்டும் கதை வேறு. சிறு பிள்ளைகளுக்கு அதன் வயரை இருதயத்தின் மேலேயே தைத்து, பெட்டியை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைப்பார்கள். பிறகு பெட்டியை எடுத்துவிட்டு வயரை உள்ளேயே விட்டிருக்கலாம். புதுப் பெட்டி மாற்றியிருந்தாலும் வயர் பழையதாக இருக்கலாம். மகளின் வயிற்றில் தனித் தழும்பு உண்டா என்று பாருங்கள். இருந்தால் ஸ்கேன் அறைக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். அதனால் எம்ஆர்ஐ எடுக்க முடியாதவர்களுக்குத்தான், இந்த நோய் தெரிந்த டாக்டர் கேட்டு எழுதும் சிடி.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி இருதயப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். அங்கிருந்து ஐஜேஎன் (கோலாலம்பூரில் உள்ள தேசிய இருதயக் கழகம்) போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள். 'தேதியைச் சீக்கிரம் வாங்கித் தருகிறேன்' என்று இன்னொரு ஏஜென்ட் வருவார்; அவரையும் அனுப்பிவிடுங்கள். குழந்தைப் பிரிவு ஃபைலை மூடுகிறது, பெரியவர் பிரிவு திறப்பதில்லை. இடையில் விழுந்த பிள்ளைகளை யாரும் தேடுவதில்லை. இத்தனை ஆண்டாகியும் இதைச் சரிசெய்யாதது பெரிய தவறு. அதனால் நீங்களே தேடிப் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பழைய தாளை மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.